ஒரு வெட்டுக்கு எவ்வளவு?

எங்கள் பட்டறையில் கட்டிங் மெஷினுக்குப் பின்னால் இருக்கும் சுவர் முழுக்க சாக்பீஸ் கோடுகள். இரும்பு வெட்டுகிற வட்டக் கல், அதாவது வீல், புதிதாக மாட்டியதும் தேதி போட்டு, வெட்டுக்கு ஒரு கோடு. நாலு கோடு சேர்ந்ததும் குறுக்கே ஐந்தாவது. புதிதாக வருகிறவர்கள் ஏதோ சீட்டாட்டக் கணக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். திருச்சி திருவெறும்பூர்ப் பக்கம் கேட், கிரில், ஷெட் வேலை செய்கிற சின்னப் பட்டறைதான். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதில் முதல் பத்து வருஷம், கடைக்காரர் எடுத்துக் கொடுத்த வீலை வாங்கி வந்து மாட்டினேன், தீர்ந்ததும் திட்டினேன், மறுபடியும் அதையே வாங்கினேன். கோடு போட ஆரம்பித்த பிறகுதான் காசு எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்தது.

"அண்ணே, சீக்கிரம் தேயாத பிளேடு எது?" என்று இளம் வெல்டர்கள் கேட்பார்கள். கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த 14 இன்ச் வீலுக்குப் பல் கிடையாது. அலுமினியம் ஆக்சைடு மணலை ரெசின் பசையில் குழைத்து, நடுவில் கண்ணாடி இழை வலை வைத்து அழுத்திச் சுட்டது. அந்த மணல் ஒவ்வொன்றும்தான் பல். வெட்ட வெட்ட மேல் மணல் மழுங்கும். மழுங்கியதும் அது உதிர்ந்து அடியில் இருக்கும் கூரான மணலுக்கு இடம் விட வேண்டும். ஆகவே தேயாத வீல் வெட்டாது. மழுங்கின மணலைப் பிடித்துக்கொண்டே சுற்றினால் விளிம்பு கண்ணாடி மாதிரி வழவழவென்று ஆகிவிடும். இரும்பு நீலம் பாரிக்கும், பிசிறு அடை அடையாக நிற்கும், மோட்டார் முக்கும். அந்த வீல் ஒரு மாசம் வந்தாலும் எனக்கு வேண்டாம்.

நமக்குத் தேவை, தேய்கிற அளவுக்கு வேலையும் கொடுக்கிற வீல். அதைக் கண்டுபிடிக்க லேபிளைப் படிக்க வேண்டும். பலரும் அட்டையில் இருக்கும் சிங்கம், புலி படத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்துவிடுகிறார்கள். 'ஏ 30 எஸ் பிஎஃப்' என்பது மாதிரி ஒரு வரி இருக்கும். முதல் எழுத்து மணலின் வகை. 'ஏ' என்றால் அலுமினியம் ஆக்சைடு, இரும்புக்கு அதுதான். 'சி' என்று இருந்தால் சிலிக்கான் கார்பைடு, அது கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும். சிலிக்கான் கார்பைடு இன்னும் கெட்டியாயிற்றே என்று ஒருவர் வாங்கி வந்தார். கெட்டிதான், ஆனால் சூட்டில் இரும்போடு வினைபுரிந்து கரைந்துபோகும். அடுத்த எண் மணலின் அளவு. 24 என்றால் பருமணல், 36 அதைவிடப் பொடி. அதற்கடுத்த எழுத்துதான் முக்கியம். மணலைப் பசை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்பதை அது சொல்கிறது. அகர வரிசையில் பின்னால் போகப் போக கெட்டி. 'பிஎஃப்' என்றால் இழை வலை வைத்த ரெசின் பசை.

மெல்லிய ஸ்கொயர் பைப்பும் ஆங்கிளும் (எல் வடிவ இரும்பு) வெட்டுகிறவர்களுக்குக் கொஞ்சம் கெட்டியான வீல் சரி. பைப்பின் மெல்லிய சுவர் வீலின் விளிம்பில் கத்தி மாதிரி உரசி மணலைச் சீக்கிரம் பறித்துவிடும், அதனால் இறுக்கமான பிடிமானம் வேண்டும். திடமான ராடு, கனத்த பிளாட் (பட்டை இரும்பு) என்றால் நேர்மாறு. கொஞ்சம் சாஃப்டான வீல்தான் வேகமாக இறங்கும். கேட் வேலைக்கு நன்றாக உழைத்த ஒரு வீல், 50 மில்லிமீட்டர் ராடு வெட்டும்போது மெழுகு போட்டது மாதிரி வழுக்கியதை நானே பார்த்திருக்கிறேன். அன்று கம்பெனியைத் திட்டினேன். தப்பு என்னுடையது.

சரி, விலைக்கு வருவோம். உதாரணத்துக்கு, 140 ரூபாய் வீல் 50 வெட்டு கொடுக்கிறது, 240 ரூபாய் வீல் 120 வெட்டு கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் ஒரு வெட்டு 2.80, இரண்டாவதில் 2 ரூபாய். இதோடு, மட்டமான வீல் ஒரு வெட்டுக்குப் பத்து விநாடி கூடுதலாக எடுத்தால் 120 வெட்டுக்கு இருபது நிமிஷக் கூலி. இந்த எண்களை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மெஷின், உங்கள் இரும்பு, உங்கள் ஆள் வேறு. இரண்டு வகை வீல் வாங்கி, ஒரே அளவு பைப்பில், ஒரே ஆளை வைத்து வெட்டி, சுவரில் கோடு போட்டுப் பாருங்கள். சில வேலைக்கு மலிவு வீலே ஜெயிக்கும். ஜன்னல் கிரில்லுக்கான சன்னப் பட்டை வெட்டும்போது எனக்கு அப்படித்தான் ஆனது.

கோடு போடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாதி வீலில் எண்ணி இரண்டால் பெருக்கினால் ஏமாந்துபோவீர்கள். புது வீல் 355 மில்லி விட்டம். அது 330க்கு வரும்போது தேய்ந்த பரப்பு சுமார் 13,450 சதுர மில்லி. 250லிருந்து 225க்கு வரும்போதும் விட்டத்தில் குறைவது அதே 25 மில்லிதான். ஆனால் தேய்ந்த பரப்பு சுமார் 9,330 மட்டும். உள்ளே போகப் போக வட்டம் சின்னதாகிறது அல்லவா? வேகமும் குறைகிறது. நிமிஷத்துக்கு 3,800 சுற்று ஓடும் மெஷினில் புது வீலின் விளிம்பு விநாடிக்கு 70 மீட்டர் ஓடும். 250 மில்லிக்குத் தேய்ந்த வீல் 50 மீட்டர்தான். வேகம் குறைந்தால் ஒவ்வொரு மணலுக்கும் பாரம் கூடி இன்னும் சீக்கிரம் உதிரும். "கடைசியில கரைஞ்சு ஓடுது" என்று பையன்கள் சொல்வது இதைத்தான். ஆகவே முழு வீலையும் எண்ணுங்கள்.

வீலை மாற்றுவதற்கு முன்னால் இரும்பை வைக்கிற விதத்தை மாற்றிப் பாருங்கள். எனக்கு அதிகக் காசு மிச்சமானது இதில்தான். ஆங்கிளை எல் மாதிரி ஒரு கால் படுத்து ஒரு கால் நிமிர்ந்து வைத்தால், நிமிர்ந்த காலைச் சீக்கிரம் வெட்டிவிட்டு, படுத்த காலின் முழு அகலத்தோடு வீல் மல்லுக்கட்ட வேண்டும். அதையே கூரை மாதிரி கவிழ்த்து முனை மேலே வரும்படி வைஸில் (மெஷினின் பிடிப்பானில்) பிடித்தால், தொடக்கம் முதல் முடிவு வரை இரண்டு மெல்லிய சரிவுகள்தான் வீலில் படும். பிளாட்டைப் படுக்க வைக்காமல் நிமிர்த்திப் பிடியுங்கள்; 50க்கு 6 பிளாட்டில் வீல் சந்திக்கப்போவது 50 மில்லியா 6 மில்லியா என்பது உங்கள் கையில். ஸ்கொயர் பைப்பை நேர்வெட்டு நிறைய வெட்ட வேண்டியிருந்தால், துண்டு ஆங்கிளில் 'வி' மாதிரி இரண்டு தாங்கி செய்து வைஸில் வைத்து, பைப்பை மூலை மேலாகப் பிடிக்கலாம். நாலு பைப்பை ஒரே கட்டாக வெட்டினால் நேரம் மிச்சம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. வைஸ் ஓரத்துப் பைப்புகளைத்தான் இறுக்கும். நடுவில் இருப்பது வெட்டு முடிகிற நேரத்தில் திரும்பி வீலை நெரிக்கும். வீல் உடைவது பெரும்பாலும் அந்த நொடியில்தான். நீளப் பைப்பின் மறுமுனைக்கு முட்டுக்கொடுக்காமல் தொங்கவிட்டாலும் இதே கதை.

அழுத்தத்தைக் காதால்தான் கற்றுக்கொள்ள வேண்டும். பயந்து பயந்து தடவினால் விளிம்பு மழுங்கி வழவழப்பாகும். ஆள் பலத்தையெல்லாம் போட்டு அமுக்கினால் மோட்டார் சத்தம் இறங்கும், பசை கருகி மணல் முழுசாக உதிரும். சத்தம் கொஞ்சம் மட்டும் தணிந்து, தீப்பொறி ஒரே கற்றையாகப் பின்னால் போகிறது என்றால் கை சரியாக இருக்கிறது.

அப்புறம், வயர். இதை யாரும் வீலோடு சேர்த்து யோசிப்பதில்லை. இந்த மெஷின் 2,000 வாட்டுக்கு மேல் இழுக்கும், 10 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம். சைட்டில் 1 சதுர மில்லி வயரில் 30 மீட்டர் எக்ஸ்டென்ஷன் போட்டால் வயரிலேயே சுமார் 11 வோல்ட் போய்விடும். அமுக்கும்போது இன்னும் கூடும். சாயங்காலம் லைனே 200க்கு இறங்கியிருக்கும் ஊரில் மெஷினுக்குப் போய்ச் சேர்வது என்ன? சுற்று குறையும், வீல் கரையும், பழி வீலுக்கு. 2.5 சதுர மில்லி வயருக்கு மாறியதும் சைட் வேலையின் கோடுகள் பட்டறைக் கோடுகளுக்குப் பக்கத்தில் வந்தன.

ஒரு மழைக்காலத்தில் தள்ளுபடி விலைக்குக் கிடைக்கிறதே என்று இரண்டு பெட்டி வீல் வாங்கி, ஓதம் அடிக்கிற மூலையில் சுவரில் சாய்த்து வைத்தேன். தை மாசம் எடுத்து மாட்டினால் வீல் ஆடுகிறது. "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று வெட்டினேன். மூன்றாவது வெட்டில் ஒரு துண்டு பிய்ந்து கார்டில், அதாவது வீலை மூடியிருக்கும் காப்புத் தகட்டில், அடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கார்டு இல்லாத மெஷினாக இருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது. ரெசின் பசை ஈரத்தை உறிஞ்சும், பலம் குறையும். சாய்த்து வைத்தால் வளையும். நடு ஓட்டையைச் சுற்றி இருக்கும் உலோக வளையத்தைப் பாருங்கள். அதில் மாசமும் வருஷமும் அடித்திருக்கும். அதுதான் காலாவதித் தேதி. பொதுவாகத் தயாரித்ததிலிருந்து 3 வருஷம். தள்ளுபடிக்குக் காரணம் பல நேரம் அந்த வளையத்திலேயே எழுதியிருக்கும். இப்போது நான் ஒரு மாசத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, தட்டையான பலகையில் படுக்க வைத்து, மேலே ஒரு கனத்த தகடு வைத்துவிடுகிறேன். மாட்டியதும் ஒரு நிமிஷம் ஒதுங்கி நின்று சும்மா ஓடவிடுகிறேன். சாணைக்கல்லைத் தட்டிச் சத்தம் பார்க்கிற பழக்கம் இதற்கு உதவாது. ரெசின் வீல் மணி மாதிரி ஒலிக்காது. கண்ணால்தான் விரிசல் பார்க்க வேண்டும்.

இப்போது இணையத்தில் பார்த்துவிட்டுப் பலர் கேட்பது கார்பைடு என்கிற கெட்டியான பொருளில் பல் வைத்த உலோக பிளேடு. வெட்டு பளபளவென்று இருக்கும், பிசிறு குறைவு, இரும்பைக் கையால் தொடலாம், அவ்வளவு குளிர்ச்சி. மறுபடி தீட்டவும் செய்யலாம். விலை ஆயிரக்கணக்கில். தினமும் ஒரே மாதிரி எம்.எஸ். (சாதா இரும்பு) பைப் வெட்டுகிற, வெட்டின முகத்தை அப்படியே வெல்டிங்குக்கு அனுப்புகிற பட்டறைக்கு அது கணக்கில் ஜெயிக்கலாம். ஆனால் அதற்கென்று தனி மெஷின் வேண்டும், நிமிஷத்துக்கு 1,300 முதல் 1,500 சுற்று ஓடுவது. அளவும் 14 இன்ச், ஓட்டையும் 25.4 மில்லி, நம் பழைய மெஷினில் அழகாக உட்காரும். அங்கேதான் ஆபத்து. நம் மெஷின் 3,800 சுற்று. பல்லின் வேகம் இருக்க வேண்டியதைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் போகும். இரும்பில் படும்போது கார்பைடு பல் பிய்ந்து குண்டு மாதிரி பறக்கும். பக்கத்துப் பட்டறைத் தம்பி ஒருவர் மாட்டி, ஸ்விட்சில் கை வைத்திருந்த நேரத்தில் நான் போய்ச் சேர்ந்தேன். டீ குடிக்கக் கூப்பிடப் போனது.

வைரத்தூள் பதித்த உலோக பிளேடு இன்னொரு வழி. விட்டம் குறையவே குறையாது, உடைந்து சிதறாது, மெதுவாக வெட்டும். சூடு ஏறினால் வைரமும் இரும்புக்குத் தோற்கும், வைரமும் கரிதானே, அது இரும்பில் கரைந்துவிடும். அமுக்காமல் விட்டு விட்டு வெட்டினால் நெடுநாள் வரும். நான் சைட் வேலைக்கு ஒன்று வைத்திருக்கிறேன். பட்டறையில் நாள் முழுக்க வெட்ட அந்தப் பொறுமை எனக்கு இல்லை.

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வெட்டுகிறவர்கள் 'ஐநாக்ஸ்' என்று போட்ட வீலைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் இரும்பு, கந்தகம், குளோரின் கலப்பு கிட்டத்தட்ட இருக்காது. எம்.எஸ். வெட்டின வீலால் எஸ்.எஸ். கைப்பிடியை வெட்டினால் இரண்டு மழைக்குப் பிறகு வெட்டின இடத்தில் துருப்புள்ளி வரும், வீட்டுக்காரர் போன் செய்வார். அலுமினியம் இந்த வீலில் கூடவே கூடாது. மணலின் இடுக்கில் ஈயம் மாதிரி அப்பிக்கொள்ளும், வீல் சூடாகி வெடிக்கும்.

வாங்கும்போது ஒன்றே ஒன்று பார்க்க நேரம் இருந்தால், சுற்று எண்ணைப் பாருங்கள். நல்ல 14 இன்ச் வீலில் 4,300 அல்லது 4,400 என்றும், விநாடிக்கு 80 மீட்டர் என்றும் இருக்கும். மெஷின் 3,800 என்றால் இது மேலே இருக்கிறது, சரி. எண்ணே அச்சடிக்காத வீல் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

தேய்ந்த வீலை என்ன செய்வது? 9 இன்ச்சுக்கு வந்ததும் அதைக் கை கிரைண்டரில் மாட்டுகிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. 9 இன்ச் கிரைண்டர் சுமார் 6,500 சுற்று ஓடும். வீலில் அச்சடித்திருப்பது 4,400. ஓட்டையும் பெரிது, கிரைண்டருக்கு 22.23 மில்லிதான். நடுவில் உட்காராமல் ஒரு பக்கம் தள்ளிச் சுற்றும். அதற்கு மேல் கார்டையும் கழற்றிவிடுகிறார்கள். அதனால் எங்கள் பட்டறையில் வீல் தீர்ந்ததும் சுவரில் கடைசிக் கோட்டுக்குக் கீழே மொத்த எண்ணிக்கையை எழுதுவோம், பிறகு அந்த மிச்சத்தைத் தரையில் வைத்துச் சுத்தியலால் ஒரு அடி. இரண்டு துண்டாகத்தான் அது குப்பைக்குப் போகும்.