உரைக்குரல்: 'பேச்சுவார்த்தை' ஏன் பொருந்தாது?

ராக் தொகுப்பொன்றைப் 'பாடலும் பேச்சுவார்த்தையும் கலந்த ஆல்பம்' என்று அறிமுகப்படுத்திய தமிழ்க் குறிப்பைப் படித்ததும், கிதார் கலைஞரும் டிரம்ஸ் கலைஞரும் ஊதிய உயர்வு கேட்டு ஆட்சியர் அலுவலகத்தில் அமர்ந்திருப்பதாகவே தோன்றியது. 'ஸ்போக்கன் வேர்டு' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததன் விளைவு இது. இப்போது அந்தச் சொல் மதுரைக் கவிதை நிகழ்ச்சிகளின் அழைப்பிதழிலும் ஏறிவிட்டது.

மெட்டில் ஏற்றாமல், பேசும் குரலிலேயே இசையின் மேல் சொல்லப்படுவது என்பதே 'ஸ்போக்கன் வேர்டு'க்குப் பொருள். 1991-இல் வெளிவந்த ஸ்லின்ட் என்னும் அமெரிக்க ராக் குழுவின் 'ஸ்பைடர்லேண்ட்' தொகுப்பைக் கேட்டால் விளங்கும்: ஆறு உருப்படிகளில் பெரும்பாலும் குரல் தணிந்து கதை சொல்லிச் செல்கிறது, கடைசி உருப்படியின் முடிவில் அந்தப் பேச்சே முற்றி அலறலாகிறது. 'வார்த்தை' என்பது செய்தியைக் குறிக்கும் 'வார்த்தா' என்னும் வடசொல்லின் வழி வந்தது. ஆனால் 'பேச்சு'டன் சேர்ந்தபின், இரு தரப்பார் உடன்பாடு காணப் பேசுவதையே இன்று அது பெரும்பாலும் குறிக்கிறது.

இதைவிடத் தொல்லை தருவது 'சொல்லிசை'. நல்ல சொல்தான், ஆனால் அது ராப் இசைக்கென்று நிலைத்துவிட்டது. ராப்பில் சொற்கள் தாளத்தை ஒட்டியே ஓடும். இங்கோ பேசுபவர் தாளத்தைப் பொருட்படுத்தாமல் நிறுத்தலாம், இழுக்கலாம், வாக்கியத்தைப் பாதியில் விடலாம். அந்த விடுதலையே இதன் உயிர் என்றிருக்க, இரண்டையும் ஒரே சொல்லில் அடைப்பவர் இரண்டில் ஒன்றையேனும் காதுகொடுத்துக் கேட்டதில்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. 'வாய்மொழி' என்பதும் உதவாது. அதை நாட்டார் வழக்காற்றியலார் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள்.

பாட்டுக்கு நடுவே பேச்சு நமக்குப் புதிதா என்ன? நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) வள்ளி திருமணம் இன்றும் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கிறது. நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்யும் இடத்தில், ஆர்மோனியக்காரர் சுருதியை விடாமல் பிடித்திருக்க, பாட்டிலிருந்து பேச்சுக்கும் பேச்சிலிருந்து பாட்டுக்கும் நடிகர்கள் தாவுவார்கள். அங்கே அதற்கு 'வசனம்' என்று பெயர். வடசொல் என்பதற்காக மட்டும் அதை நான் தள்ளமாட்டேன். திரைப்படம் அதை முழுக்கத் தனதாக்கிக்கொண்டதால்தான் தயங்குகிறேன்.

மதுரைக்கு ஒரு காண்டத்தையே ஒதுக்கிய சிலப்பதிகாரம், தன் பதிகத்தில் 'உரையிடையிட்ட பாட்டுடைச் செய்யுள்' என்று, அதாவது இடையிடையே உரைநடை கலந்த பாட்டுகளாலான செய்யுள் என்று, தன்னைச் சொல்லிக்கொள்கிறது. அந்தத் தொடரை அடியொற்றி, இத்தகைய தொகுப்பை 'உரையிடையிட்ட பாட்டுத் தொகுப்பு' என்றும், அதில் பேசும் குரலை 'உரைக்குரல்' என்றும் வழங்கலாம். உரை என்றால் தலைமையுரையும் பதவுரையும் நினைவுக்கு வரும் என்பார்கள். அதற்காகவே 'குரல்' சேர்த்திருக்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு இன்னொன்று: 'வோக்கல்ஸ்' பன்மையாக இருக்கிறதே என்று, ஒருவரே பாடிய தொகுப்பிலும் 'குரல்கள்' என்று போடுவதை நிறுத்துங்கள், 'பாடியவர்' என்றாலே போதும்.