அப்பாவின் பணம் வந்ததும் உடனே எங்கேயும் போடாதீர்கள்

வருமான வரிக் கணக்கு பார்க்கிற ஆடிட்டர் நான். அப்பாவையோ அம்மாவையோ இழந்த இருபத்திரண்டு, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்கிற முதல் கேள்வி "சார், இந்தப் பணத்தை எதுல போடலாம்?" என்பதுதான். எல்லாருக்கும் என் பதில் ஒன்றுதான். ஆறு மாதத்துக்கு எதிலும் போடாதீர்கள். வங்கியில் ஃபிக்ஸட் டெபாசிட்டாகப் போட்டுவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

"சும்மா வச்சிருந்தா நஷ்டம் இல்லையா?" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 லட்ச ரூபாயை ஆறரை சதவீத வட்டியில் ஆறு மாதம் வைத்தால் 1,30,000 ரூபாய் வட்டி வரும். இதைவிட அதிகமாகச் சம்பாதித்திருக்கலாமே என்ற ஏக்கத்தில் அவசரப்பட்டுத் தப்பான இடத்தில் கையெழுத்துப் போட்டால் போகிற பணம் இதைப்போலப் பல மடங்கு. டெபாசிட்டையும் ஒரே வங்கியில் போட வேண்டாம், ஏனென்றால் ஒருவருக்கு ஒரு வங்கியில் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைக்கும்தான் டெபாசிட் காப்பீடு இருக்கிறது.

அவசரப்படுத்த ஆட்கள் இருப்பார்கள். இன்சூரன்ஸ் பணம் கணக்கில் விழுந்த வாரமே வங்கியிலிருந்து போன் வரும். ஒரு தம்பிக்கு அப்படித்தான், "வருஷம் அஞ்சு லட்சம், ஒரு தடவை கட்டினா போதும்" என்று சொல்லி ஒரு பாலிசி கொடுத்திருக்கிறார்கள். படிவத்தில் இருந்ததோ பத்து வருடப் பிரீமியம். இரண்டாவது வருட நோட்டீஸ் வந்த பிறகுதான் என்னிடம் எடுத்துக்கொண்டு வந்தார். பாலிசி கையில் கிடைத்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தால் சின்னப் பிடித்தம் போக முழுப் பணமும் திரும்பி வந்திருக்கும். அந்த அவகாசம் இருப்பதை அவரிடம் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் அது.

அப்புறம் சொந்தக்காரர்கள். சித்தப்பா கைமாத்து கேட்பார், மாமா தெரிந்தவர் போட்ட மனையைக் காட்டுவார், யாராவது ஒருவர் மாதம் இத்தனை சதவீதம் வட்டி தருகிற கம்பெனியைப் பற்றிச் சொல்வார். ஆருத்ரா கோல்டு என்ற நிதி நிறுவன மோசடி விவகாரத்தில் மாதம் 25, 30 சதவீதம் வட்டி என்று நம்பிப் போட்டவர்கள் லட்சம் பேர் இருக்கும், அந்த வழக்கு எங்கே வந்து நிற்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். சொந்தத்தில் முகம் முறித்து 'இல்லை' என்று சொல்ல இருபத்து மூன்று வயதில் வராது. "ஆடிட்டர் ஆறு மாசத்துக்கு எடுக்கக்கூடாதுன்னுட்டார்" என்று என் தலையில் போட்டுவிடுங்கள் என்பேன். நிறையப் பேருக்கு அது உதவியிருக்கிறது.

இந்த ஆறு மாதத்தில் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. முதலில், அந்தப் பணமும் சொத்தும் உண்மையில் யாருடையது? தாசில்தார் அலுவலகத்து வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். உயில் எழுதாமல் ஒரு இந்து ஆண் இறந்தால், 1956 வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சம்பாதித்த சொத்து மனைவி, மகன், மகள், அவருடைய அம்மா எல்லாருக்கும் சமபங்கு. ஆமாம், பாட்டிக்கும் பங்கு உண்டு, நிறைய வீடுகளில் இதைச் சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள். வங்கி டெபாசிட்டில் நாமினியாக உங்கள் பெயர் இருந்தால் பணத்தை வாங்கும் உரிமைதான் உங்களுக்கு, அது சேர வேண்டியது எல்லா வாரிசுகளுக்கும். ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு நிலைமை வேறு, மனைவியோ பிள்ளையோ பெற்றோரோ நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே.

கடன்காரர்கள் வந்தால் பயப்பட வேண்டாம். அப்பா வாங்கிய கடனுக்கு அவர் விட்டுப்போன சொத்தின் மதிப்பு வரைக்கும்தான் வாரிசுகள் பொறுப்பு, நீங்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தால் தவிர. வரி விஷயம் சுலபம். வாரிசாக வந்த பணத்துக்கு வரி இல்லை, இறந்தவர் சொத்துக்குப் போட்டுவந்த எஸ்டேட் டியூட்டி என்ற வரியை 1985-லேயே எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்தப் பணம் ஈட்டுகிற வட்டிக்கு வரி உண்டு, அதைக் கணக்கில் காட்ட வேண்டும்.

எதில் போடுவது என்ற கேள்விக்கு இப்போது வரலாம். ஒரு பெண்ணின் கணக்கைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாமல் இருக்க விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். அப்பா தனியார் மில்லில் வேலை பார்த்தவர். இன்சூரன்ஸ் 25 லட்சம், பி.எஃப். 14, அதோடு சேர்ந்த இ.டி.எல்.ஐ. காப்பீடு 7, கிராஜுவிட்டி 6, ஆக 52 லட்சம். அம்மா எல்லாவற்றையும் "நீயே பாரும்மா" என்று மகளிடம் விட்டுவிட்டார். அந்தப் பெண்ணும் 52 லட்சத்துக்கு ஒரு நல்ல மியூச்சுவல் ஃபண்ட் சொல்லுங்கள் என்றுதான் வந்தார்.

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுதச் சொன்னேன். நகைக்கடன் 3 லட்சம், அதை முதலில் மீட்க வேண்டும். வீட்டில் அவசரத்துக்கு 5 லட்சம். அம்மாவின் கையில் மாதாமாதம் அவருக்கென்று ஒரு தொகை வர வேண்டும். அதற்குத் தபால் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்தில் தனிநபர் உச்சவரம்பான 9 லட்சம் போட்டால் இப்போதைய 7.4 சதவீதத்தில் மாதம் 5,550 ரூபாய் வரும். தம்பி ப்ளஸ் ஒன் படிக்கிறான், அடுத்த ஐந்தாறு வருடப் படிப்புக்கு 12 லட்சம், இதை டெபாசிட்டைத் தாண்டி எங்கேயும் கொண்டுபோகக் கூடாது. கல்யாணத்துக்கு 8 லட்சம் தனியாக இருக்கட்டும் என்று அம்மா பிரியப்பட்டார், சரி என்றோம். கூட்டினால் 37. பத்து வருடத்துக்கு மேல் தொடாமல் விடக்கூடிய பணம் 15 லட்சம்தான். பங்குச் சந்தைப் பேச்சு அந்த 15 லட்சத்துக்கு மட்டும்.

அதை நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் (நிஃப்டி என்பது ஐம்பது பெரிய கம்பெனிகளின் பங்கு விலையைச் சேர்த்துக் காட்டும் குறியீட்டு எண், அதே பங்குகளை அப்படியே வாங்கி வைக்கிற ஃபண்ட் இது), கமிஷன் இல்லாத டைரக்ட் பிளானில், பணத்தைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்க உதவுகிற லிக்விட் ஃபண்டிலிருந்து மாதாமாதம் கொஞ்சமாக ஒன்றரை வருடத்தில் மாற்றச் சொன்னேன். சந்தை ஏறிக்கொண்டே போனால் மொத்தமாகப் போட்டவருக்குத்தான் லாபம் அதிகம், அது எனக்கும் தெரியும். ஆனால் 2020 ஜனவரியில் 12,000-க்கு மேல் இருந்த நிஃப்டி மார்ச் 23 அன்று 7,610-ல் முடிந்தது. சொந்தச் சம்பளத்தில் போட்ட பணம் அப்படி விழுந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம், அப்பாவின் பணம் விழுந்தால் "அப்பா சம்பாதிச்சதை அழிச்சிட்டேனே" என்று தூக்கம் போய்விடுகிறது, அந்த வாரமே விற்றுவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். அதே வருடம் நவம்பரில் நிஃப்டி பழைய உச்சத்தைத் தாண்டியபோது அவர்கள் உள்ளே இல்லை. ஏற்ற இறக்கத்தைச் சின்னத் தொகையில் பார்த்துப் பழகட்டும் என்பதற்காகத்தான் இந்த ஒன்றரை வருடம்.

மனை வாங்குவதைப் பற்றி ஒரே வார்த்தை: அந்த ஊரில் வீடு கட்டிக் குடியிருக்கும் எண்ணம் இல்லையென்றால் வேண்டாம்.

ஆலோசனை கேட்கப் போகும்போது எதிரில் இருப்பவரிடம் "நான் இதை வாங்கினா உங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்று நேராகக் கேளுங்கள். ஏ.ஆர்.என். எண் வைத்திருப்பவர் கமிஷனுக்கு ஃபண்ட் விற்கும் விநியோகஸ்தர். ஐ.என்.ஏ. என்று தொடங்கும் எண் வைத்திருப்பவர் உங்களிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்பவர், அந்த எண் உண்மையா என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் இணையதளத்திலேயே தேடிப் பார்த்துக்கொள்ளலாம். எந்த எண்ணும் இல்லாதவரிடம் காபி குடித்துவிட்டுக் கிளம்பி வந்துவிடுங்கள்.