நாயங்கரம்: நிலமானியம் அன்று, படைப்பற்று

ஓருகல்லைத் (இன்றைய வாரங்கல்) தலைநகராகக் கொண்டு தெலுங்கு நாட்டை ஆண்ட காகதீயரின் வரலாற்றைத் தமிழில் எழுதுவோர், அந்த மரபின் கடைசி அரசனைப் பற்றி, 'பிரதாபருத்திரன் தன் நாயக்கர்களுக்கு நிலமானியம் வழங்கினான்' என்று தயக்கமில்லாமல் எழுதிவிடுகிறார்கள். அடுத்த பத்தியில் அதே நாயக்கர்கள் நிலப்பிரபுக்கள் ஆகிறார்கள். அதற்கடுத்த பத்தியில் குறுநில மன்னர்கள். மூன்றும் வேறு வேறு பொருள் தரும் சொற்கள். தெலுங்குக் கல்வெட்டில் அந்த இடத்தில் இருப்பதோ ஒரே சொல்தான்: நாயங்கரம்.

'நாயக' என்பது வடமொழி. நடத்திச் செல்லுதல் என்னும் பொருளுள்ள 'நீ' வேரிலிருந்து வந்தது. படை நடத்துபவன் நாயகன். தெலுங்கில் நாயகுடு, நாயுடு; தமிழில் நாயக்கன். நாயங்கரம் அந்தப் பதவியையும் சுட்டும், அந்தப் பதவிக்காக விடப்பட்ட ஊர்களையும் சுட்டும். பின்னால் நிற்கும் 'கரம்' என்பதைப் பார்த்து 'நாயக்கர் தண்டும் வரி' என்று பொருள் கொள்ளக் கூடாது. கல்வெட்டுகள் இதை ஒரு வரியின் பெயராக ஆளவில்லை. விஜயநகர காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இதற்கு நேராக 'நாயக்கத்தனம்' என்று எழுதுகின்றன. நம் ஊர்க் கல்லிலேயே சொல் இருக்கும்போது மொழிபெயர்ப்பாளர்கள் ஏன் ஐரோப்பா வரைக்கும் போய், அங்குள்ள நிலப்பிரபுத்துவ முறையின் சொற்களை எடுத்து வருகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

நிலமானியம் என்ற சொல் ஏன் பொருந்தாது? மானியம் என்றால் நம் ஊர்களில் வரி நீக்கிக் கொடுத்த நிலம். கோயில் மானியம், ஊழிய மானியம் எல்லாம் அந்த வகை. மானியம் பெற்றவர் அரசனுக்கு இறை கட்ட வேண்டியதில்லை. நாயங்கரத்தின் நடைமுறை இதற்கு நேர்மாறானது. சில ஊர்களில் தனக்கு வரவேண்டிய வருவாயைத் தண்டும் உரிமையை அரசன் நாயக்கரிடம் விடுகிறான். அதைக் கொண்டு அவர் காலாளும் குதிரையும் யானையும் வைத்துப் பராமரித்து, அழைத்தபோது படையோடு வந்து நிற்க வேண்டும். விஜயநகரத்தில் இந்த ஏற்பாடு அமரநாயங்கரம் என்ற பெயரில் விரிந்தபோது, அரசனுக்குப் பணமும் கட்ட வேண்டியிருந்தது. 1535 வாக்கில் அங்கிருந்த போர்த்துகீசியர் பெர்னாவோ நூனிஸ் கணக்கே தருகிறார்: நாயக்கர்கள் தண்டும் மொத்த வருவாய் 120 இலட்சம் பொன், அதில் 60 இலட்சம் அரசனுக்குப் போகும், மிச்சம் படைவீரர் சம்பளத்துக்கும் யானைகளுக்கும். செப்டம்பரில் ஒன்பது நாள் திருவிழாவின்போது அந்தப் பணம் வந்து சேர வேண்டும். அவர் கண்ணுக்கு இவர்கள் குத்தகைதாரர்களைப் போலத் தெரிந்தார்கள். பாதி வருவாயை அரசனிடம் கட்டுகிற ஒருவர் கையில் இருப்பதை மானியம் என்பது எப்படிச் சரியாகும்?

போதாக்குறைக்கு, இன்றைய வாசகருக்கு மானியம் என்றால் உர மானியம், எரிவாயு மானியம். அரசன் நாயக்கருக்கு உதவித்தொகை கொடுத்தான் என்றுதான் ஓர் இளம் வாசகர் புரிந்துகொள்வார். 'படைமானியம்' என்று முன்னொட்டுச் சேர்த்தாலும் இந்தக் குறை தீராது.

நிலப்பிரபு இன்னும் மோசம். நிலம் நாயக்கருடையது என்று அது சொல்கிறது. உழுபவரின் உழவுரிமை நாயங்கரம் விடப்பட்டதால் மாறியதில்லை. அந்த எல்லைக்குள் இருந்த கோயில் நிலமும் அக்கிரகாரமும் அப்படியே இருந்தன. கைமாறியது அரசனுக்கு உரிய பங்கைத் தண்டும் உரிமை மட்டுமே.

குறுநில மன்னர் என்ற சொல்லை மறுப்பதற்கு வரலாற்றிலேயே வலுவான காரணம் இருக்கிறது. கணபதிதேவன் காலத்தில் (1199–1262) காகதீயருக்குக் கீழே உண்மையான குறுநில மன்னர் குடிகள் இருந்தன. தரணிகோட்டைக் கோட்டர், நதவாடிக் குடியினர் போன்றோர் வழிவழியாகத் தங்கள் மண்ணை ஆண்டவர்கள்; காகதீயரோடு கொள்வினை கொடுப்பினை செய்தவர்கள். நாயக்கர் அப்படிப்பட்டவர் அல்லர். அரசனின் பணிதான் அவருக்கு இடம் தந்தது. கணபதிதேவனுக்குப் பின் ஆண்ட அவன் மகள் ருத்திரமாதேவி, அவள் பேரன் பிரதாபருத்திரன் காலங்களில் பழைய குடிகளின் பெயர் கல்வெட்டுகளில் குறைந்து, நாயக்கர் முதலான பணித்தலைவர் பெயர்கள் பெருகுகின்றன. ருத்திரமாதேவியை எதிர்த்துக் காயஸ்தக் குடித் தலைவன் அம்பதேவன் கிளம்பியதைப் பார்த்தால், வேரூன்றிய தலைவர்களைவிடத் தன் பணியாளரை அரசு ஏன் விரும்பியது என்பது விளங்கும். இரு சாராருக்கும் 'குறுநில மன்னர்' என்று ஒரே சொல்லைப் போட்டால், நூறாண்டில் நடந்த இந்தப் பெரிய மாற்றம் தமிழ் வாசகர் கண்ணிலேயே படாது.

பாளையக்காரர் என்று எழுதுவோரும் உண்டு. பாளையம் தெலுங்கின் 'பாளெமு', படை தங்கும் இடம். மதுரை நாயக்கர் ஆட்சிக்கு அது பொருத்தமான சொல்; 13-ஆம் நூற்றாண்டு ஓருகல்லுக்கு அது காலமுரண். ஓருகல் கோட்டையின் 77 கொத்தளங்களை 77 நாயக்கர்கள் காத்தார்கள் என்று பிரதாபருத்திர சரித்திரம் என்ற தெலுங்கு நூல் சொல்வதும், மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களுக்கு 72 பாளையம் என்ற நம் பக்கத்து மரபும் ஒன்றையொன்று ஒத்திருப்பது உண்மைதான். கதை மரபு ஒன்றுபோல இருப்பதால் இரண்டு ஏற்பாடுகளும் ஒன்றாகிவிடாது.

அமரநாயங்கரத்தில் வரும் 'அமர' இன்னொரு பள்ளம். படைப்பணிக்காக விட்ட வருவாய் என்பதே தெலுங்கில் 'அமரமு'. அதை அறியாமல் 'அமரர் நாயக்கர்' என்று எழுதினால், காலமான நாயக்கர் என்றாகிவிடுகிறது. 'இறவாப் புகழ் நாயக்கர்' என்பதும் அதே அறியாமையின் விளைவு.

என் முடிவு: பதவியைச் சொல்லும் இடத்தில் நாயக்கத்தனம்; ஊர்களையும் வருவாயையும் சொல்லும் இடத்தில் படைப்பற்று. அசட்டுத்தனம், முட்டாள்தனம் போல நாயக்கத்தனமும் இழிவாக ஒலிக்கிறதே என்று கேட்பவர்கள், கிராமங்களில் பெரியதனக்காரர் என்ற சொல் எத்தனை மரியாதையோடு வழங்குகிறது என்பதை நினைத்துப் பார்க்கட்டும். படைப்பற்று புதுக்கோட்டை வட்டாரக் கல்வெட்டுகளில் வரும் பழஞ்சொல். படையினர் கையில் இருந்த ஊர்ப்பகுதி. அது பெரும்பாலும் உள்ளூர்ப் படையினர் வசம் இருந்தது, அரசன் விட்டது அன்று என்ற மறுப்பு நியாயமானதே. அதனால் முதல்முறை எழுதும்போது 'அரசன் விட்ட படைப்பற்று' என்று எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளலாம். பற்று என்பது நிலவட்டத்தைக் குறிப்பதும் செத்த வழக்கன்று. மட்டக்களப்பில் மண்முனைப் பற்று, கோறளைப் பற்று என்று இன்றும் வழங்குகிறது.

நாயக்கர் என்பது சாதிப்பெயர் என்ற எண்ணத்தோடு இந்தக் காலத்தைப் படிப்பதும் தவறு. அது படைத்தலைமையைச் சுட்டிய பட்டம்; வேறு வேறு குடியினர் அதைத் தாங்கினர். கணபதிதேவனின் யானைப்படைத் தலைவர் ஜாயபர் கிருஷ்ணை ஆற்று முகத்துவாரத்துத் திவித் தீவின் ஆளும் குடியில் பிறந்தவர். 1316-இல் காஞ்சிபுரத்தைப் பிடித்துப் பிரதாபருத்திரனின் பெயரை அருளாளப் பெருமாள் கோயில் கல்லில் பொறித்தவர் முப்பிடி நாயக்கர். 1323-இல் ஓருகல் விழுந்த பிறகு தெலுங்கு நாட்டை மீட்கத் திரண்ட முசுனூரிக் காபய நாயக்கருக்குத் துணை நின்ற நாயக்கர்கள் 75 பேர் என்று 1423-ஆம் ஆண்டுக் கலுவசேருச் செப்பேடு சொல்கிறது. முசுனூரி, ரேச்சர்ல என்று நாயக்கர் பெயர்களுக்கு முன்னால் வருபவை 'இண்டி பேரு', அதாவது வீட்டுப் பெயர். 'ரேச்சர்ல சாதி' என்று பெயர்ப்பதைவிட 'ரேச்சர்லக் குடி' என்று எழுதுவது சரி. ஏனென்றால் அதே வீட்டுப் பெயர் ரெட்டி சாதியினருக்கும் இருந்தது, வெலம சாதியினருக்கும் இருந்தது.