டிஸ்ஃபோரியாவுக்குத் தமிழில் என்ன சொல்?

பிரசவம் முடிந்து என் தங்கை வீட்டுக்கு வந்து பத்து நாள் இருக்கும். குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்தவள், திடீரென்று முகம் சுருங்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "பால் இறங்கப்போற நேரத்துல நெஞ்சுக்குள்ள என்னவோ வந்து கவ்வுதுக்கா. எல்லாமே வெறுத்துப்போற மாதிரி இருக்கு. ரெண்டு நிமிஷத்துல தானா போயிடுது" என்றாள். அடுத்த முறை பால் கொடுத்தபோதும் அப்படியே. "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்றார் அம்மா. மருத்துவரிடம் போனோம். அவர் சீட்டில் எழுதிய வரியில் 'டிஸ்ஃபோரிக்' என்றொரு சொல் இருந்தது. "அப்படின்னா என்னடி?" என்று அம்மா என்னிடம் கேட்டார். மொழிபெயர்ப்புதான் என் வேலை. ஆனாலும் எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை.

டிஸ்ஃபோரியா நோயின் பெயர் அல்ல, ஒரு மனநிலையின் பெயர். காய்ச்சல் எப்படிப் பல நோய்களில் வருமோ, அப்படி இதுவும் பல நிலைகளில் வரும். வருத்தம், எரிச்சல், நிம்மதியின்மை, எதிலும் மனம் ஒட்டாமை எல்லாம் கலந்த ஒரு கசப்பு அது. "இருப்புக்கொள்ளவில்லை", "என்னவோ போல இருக்கு" என்று நாம் சொல்வோமே, அதன் கடுமையான வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதை மனச்சோர்வு என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. மனச்சோர்வு நோய் என்று மருத்துவர் முடிவு செய்ய, மனத் தாழ்வோ நாட்டமின்மையோ வேறு சில அறிகுறிகளோடு சேர்ந்து இரண்டு வாரமாவது நீடித்திருக்க வேண்டும். டிஸ்ஃபோரியா இரண்டே நிமிடத்தில் வந்து போகலாம், நாள்கணக்கில் தங்கவும் செய்யலாம். தங்கைக்கு வந்தது பால் சுரப்போடு சேர்ந்து வருவது. பால் சுரக்க வேண்டுமானால் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் குறைய வேண்டும். சில தாய்மாருக்கு அது மிகச் சட்டென்று இறங்கிவிடுவதுதான் காரணம் என்று கருதப்படுகிறது. அவள் குழந்தைமேல் வைத்திருக்கும் அன்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டதே அவளுக்குப் பாதி மருந்து.

சரி, சொல்லுக்கு வருவோம். மூலம் கிரேக்கம். 'டுஸ்' என்றால் கெட்ட, கடினமான. 'ஃபெரெய்ன்' என்றால் சுமத்தல், தாங்குதல். சுமக்க அரிதானது, தாங்க முடியாதது என்பதே சொல்லின் நேர்ப்பொருள். இதன் இரட்டைப் பிள்ளை யூஃபோரியா, அதாவது நன்றாகத் தாங்குதல். இன்று அதைக் களிப்பு, பரவசம் என்கிறோம். ஆனால் தொடக்கத்தில், நோயாளி தன் நோயைச் சிரமமில்லாமல் தாங்கி, சற்றுத் தெம்பாக உணர்வதைத்தான் மருத்துவர்கள் அப்படிச் சொன்னார்கள்.

கிரேக்கத்தின் 'ஃபெரெய்'னும் சமஸ்கிருதத்தின் 'பாரம்' பிறந்த வேரும் உடன்பிறப்புகள். 'டுஸ்' என்பதும் நம் 'துர்நாற்ற'த்தில் இருக்கும் 'துர்' என்பதும் அப்படியே. இரண்டையும் சேர்த்த சொல் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தாங்க முடியாததைத் தெலுங்கில் 'துர்பரம்' என்பார்கள். வாழ்வதே பாரமாகிவிட்டது என்பதை இந்தியில் 'ஜீனா தூபர்' என்பார்கள். "மனசு பாரமா இருக்கு" என்று ஒரு பாட்டி சொல்லும்போது, அவர் டிஸ்ஃபோரியாவின் பாதியைச் சொல்லிவிடுகிறார்.

தனித்தமிழிலும் இதே பார்வை உண்டு. 'பொறை' என்றால் சுமை, பொறுத்தல் இரண்டும்தான். பொறையுடைமை அதிகாரத்தின் முதல் குறளில் நிலத்துக்குத் 'தாங்கும்', மனிதருக்குப் 'பொறுத்தல்'. அப்படியானால் டிஸ்ஃபோரியாவின் நேர்த் தமிழாக்கம் பொறுக்க இயலாமை, அதாவது பொறாமை! அந்தச் சொல்தான் வெகு காலத்துக்கு முன்பே வேறிடம் போய்விட்டதே. பிறர் நன்றாக வாழ்வதைப் பொறுக்க முடியாத ஒரே ஒரு குணத்துக்கு மட்டும் அதை எழுதிக் கொடுத்துவிட்டோம். இனி அதை மீட்க முடியாது.

பழஞ்சொல் வேண்டுமென்றால் தொல்காப்பியம் 'பையுள்' தருகிறது. 'பையுளும் சிறுமையும் நோயின் பொருள' என்பது அதன் உரியியல் நூற்பா. எனக்கு அந்தச் சொல்மேல் ஆசைதான். ஆனால் மருத்துவமனை வரிசையில் காத்திருக்கும் ஒருவரிடம் "உங்களுக்குப் பையுள்" என்று சொன்னால், அவர் இன்னும் பயந்துபோவார். 'மகிழ்வின்மை' மிகவும் மெலிவு. மகிழ்ச்சி இல்லாமலிருப்பது வேறு, வேதனையில் இருப்பது வேறு. 'மன அழுத்தம்' ஏற்கெனவே வேலை நெருக்கடிக்கும் மனச்சோர்வுக்கும் சேர்த்துப் புழங்கிக் குழம்பிக் கிடக்கிறது. மூன்றாவதாக ஒன்றையும் அதன் தலையில் கட்டுவது நியாயமில்லை.

என் தேர்வு 'மனவுளைச்சல்'. நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவர் ராத்திரி படுத்ததும் "கால் உளையுது" என்பாரே, அந்த உளைச்சல். காயம் இல்லை, வீக்கம் இல்லை, சுட்டிக்காட்ட ஓர் இடமும் இல்லை. ஆனால் எப்படிப் புரண்டு படுத்தாலும் தாங்காது. வலியும் அமைதியின்மையும் ஒன்றாக இருப்பதால், டிஸ்ஃபோரியாவுக்கு இதைவிடக் கிட்டே வரும் சொல் எனக்குத் தெரியவில்லை.

கூட்டுச்சொல்லாகவும் நன்றாகவே நிற்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட மனநோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில், மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் கடுமையாக வரும் நிலைக்குத் தனி இடம் கிடைத்தது. அதை 'மாதவிடாய் முன் மனவுளைச்சல்' எனலாம். அதே பதிப்பில் 'பாலின அடையாளக் கோளாறு' என்ற பெயரை நீக்கி 'ஜெண்டர் டிஸ்ஃபோரியா' என்று மாற்றினார்கள். 'பாலின மனவுளைச்சல்' என்று எழுதினால் அந்த மாற்றத்தின் நோக்கம் தமிழிலும் துலங்கும். ஒருவர் திருநங்கையாகவோ திருநம்பியாகவோ இருப்பது கோளாறு அல்ல. உடலும் தன்னுணர்வும் பொருந்தாதபோது சிலர் படும் வேதனைக்கே சிகிச்சை. எல்லாரும் அந்த வேதனையை அனுபவிப்பதும் இல்லை. இங்கே 'கோளாறு', 'குறைபாடு' என்று மொழிபெயர்க்கிறவர்கள், நீக்கிய அவமதிப்பை மறுபடி ஒட்டவைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம்.

தங்கையின் சீட்டில், அந்த ஆங்கிலச் சொல்லுக்குக் கீழே 'பால் சுரக்கும் நேர மனவுளைச்சல்' என்று பென்சிலால் எழுதிவைத்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"கால் உளையுமே, அது மாதிரி மனசுக்கா?"

"ஆமாம்மா."

அன்றிலிருந்து தங்கை பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் அம்மாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்த இரண்டு நிமிடம் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.