குவாண்டம் ஆய்வுக்கு மாதம் 37,000 ரூபாய்: ஜே.ஆர்.எஃப். எங்கே கைநழுவுகிறது?

தேசிய குவாண்டம் மிஷனுக்கு 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 6,003.65 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அந்தப் பணம் மாணவர் கைக்கு நேராக வராது, ஐ.ஐ.டி. மெட்ராஸ் போன்ற மையங்களின் ஆய்வுத் திட்டங்கள் வழியாகத்தான் வரும். எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து குவாண்டம் ஒளியியலிலோ ஃபோட்டானிக்ஸ் எனும் ஒளித் தொழில்நுட்பத்திலோ இறங்க நினைப்பவருக்குச் சொந்தப் பெயரில் கிடைப்பது அறிவியல் பாடங்களுக்கான தேசியத் தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் வழியாக வரும் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகை. முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. மொத்தம் 5 ஆண்டு. வீட்டு வாடகைப்படி தனி.

"நெட் பாஸ்" என்ற சொல்லை நம்பி ஏமாறாதீர்கள். முடிவில் மூன்று பிரிவுகள் உண்டு. ஜே.ஆர்.எஃப். பிரிவில் பெயர் இருந்தால்தான் உதவித்தொகை. "பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும்" என்று வந்தால் ஒரு ரூபாயும் வராது, மதிப்பெண்ணும் ஓராண்டுக்குத்தான் செல்லும். பொதுப்பிரிவினருக்கு முதுகலையில் 55% வேண்டும், 54.9-ஐ 55 ஆக்கித் தர மாட்டார்கள்.

நம் ஊரில் அதிகம் பேர் அடிபடுவது இடஒதுக்கீட்டுச் சான்றிதழில்தான். கையிலிருக்கும் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் இங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (வசதி மிகுந்த பிரிவில்) வராதவர் என்று தாசில்தார் தரும் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும், அதுவும் அறிவிப்பில் சொன்ன நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். கிரீமி லேயருக்கான 8 லட்ச ரூபாய் ஆண்டு வருமான வரம்பைப் பார்க்கும்போது பெற்றோரின் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் கூட்டக் கூடாது என்பது 1993-இன் மத்திய அரசு ஆணை முதல் இருக்கும் விதி. இன்னமும் சம்பளச் சீட்டைப் பார்த்ததும் மனுவைத் திருப்புகிறார்கள். அந்த ஆணையின் நகலை மனுவோடு இணையுங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தேர்வு அறிவிப்பு வரட்டும் என்று காத்திருந்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. மேசைகளைத் தாண்டுவதற்குள் கடைசித் தேதி போய்விடும்.

ஆய்வுத் திட்டங்களிலும் "ஜே.ஆர்.எஃப்." என்று விளம்பரம் வரும். அது வேறு. திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது, பிஎச்.டி. பதிவு உண்டு என்ற உத்தரவாதமும் இல்லை. "திட்டம் எந்த மாதம் முடிகிறது? பிஎச்.டி.க்குப் பதிவு செய்வீர்களா?" என்று சேரும் முன்பே மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்குங்கள். ஃபோட்டானிக்ஸில் எம்.எஸ்சி. படித்தவர்கள், விளம்பரத்தில் "இயற்பியல்" என்று மட்டும் இருந்தால் தகுதி உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

சேர்ந்த பிறகும் நிம்மதி இல்லை. யு.ஜி.சி. நிதியில் ஜே.ஆர்.எஃப். வாங்குபவர் ஆய்வில் தொடர்கிறார் என்று பல்கலைக்கழகம் மாதாமாதம் கனரா வங்கித் தளத்தில் உறுதிப்படுத்த வேண்டும். ஒருவர் பதிவேற்ற, இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். முன்னவரை மேக்கர் என்றும் பின்னவரை செக்கர் என்றும் சொல்வார்கள். இருவரில் ஒருவர் விடுப்பில் போனாலும் உங்கள் பணம் நிற்கும். கைடிடம் முறையிட்டுப் பயனில்லை. அந்த இருவரும் யார் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். பிஎச்.டி. பதிவை 2 ஆண்டுக்குள் முடித்து, பதிவுக் கடிதத்தின் நகலைக் கையில் வைத்திருங்கள். 42,000-க்கு உயர்த்தும் கோப்பு அது இல்லாமல் நகராது.