கொடைக்கானல் காற்றும் அப்பச்சியின் பையும்

“ஏப்பா, மேலே போனதும் இந்தப் பை வெடிச்சுப் போகுமா?”

கோலாலம்பூரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு டிக்கெட் போட்டதும் அப்பச்சி கேட்ட முதல் கேள்வி இது. (நகரத்தார் வீடுகளில் அப்பாவை அப்பச்சி என்றுதான் கூப்பிடுவோம்.) பெருங்குடலில் இருந்த புற்றுநோய்க் கட்டியை எடுத்தபோது, மிச்சமிருந்த குடலின் முனையை வயிற்றுத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து தைத்துவிட்டார்கள். அந்த வாய்க்குப் பெயர் ஸ்டோமா. அதன்மேல் ஒட்டியிருக்கும் கொலாஸ்டமி பையை ஆஸ்பத்திரி வட்டாரத்தில் மோஷன் பை என்பார்கள். ஸ்டோமாவுக்கு அடக்கிவைக்கும் தசை கிடையாது. மலமும் காற்றும் வரும்போது வந்துவிடும். பயப்படாமல் இருக்க முடியுமா?

“அப்பச்சி, போன வருஷம் கொடைக்கானல் போனீங்களே, வெடிச்சுதா?” என்று கேட்டேன். சமாதானத்துக்காகக் கேட்கவில்லை, பதிலே அதில்தான் இருக்கிறது.

விமானம் 10 கிலோமீட்டருக்கும் மேலே பறக்கிறது. வெளியே காற்றழுத்தம் தரையில் இருப்பதில் கால்வாசிதான். ஆனால் பயணிகள் உட்காரும் அறைக்குள் காற்றை அழுத்தி அனுப்பிக்கொண்டே இருப்பதால், உள்ளே அழுத்தம் அதிகபட்சம் 8,000 அடி, அதாவது 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் அளவுக்குத்தான் இறங்கும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். ஆகவே நம் வயிற்றைப் பொறுத்தவரை விமானப் பயணம் என்பது கொடைக்கானலுக்குப் போய் இன்னும் கொஞ்சம் ஏறுவதுதான். பஸ்ஸில் மணிக்கணக்கில் ஏறுகிற ஏற்றத்தை விமானம் அரைமணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறது, அவ்வளவே வித்தியாசம்.

அழுத்தம் குறைந்தால் வாயு விரியும். 1662-இல் ராபர்ட் பாயில் எழுதிவைத்த விதி இது. 2,400 மீட்டரில் அழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால்வாசியாகிவிடும். தரையில் 100 மில்லி இடம் பிடித்த காற்று அங்கே சுமார் 135 மில்லி ஆகும். கூடுதலாக வருவது 35 மில்லி, ஒரு காபி டம்ளரில் கால்வாசி. தளர்வாக இருக்கும் பைக்கு இது ஒரு பாரமே இல்லை. ஏற்கெனவே விம்மிக்கொண்டிருக்கும் பையோடு ஏறினால்தான் ஓரத்து ஒட்டு விலகிக் கசிய வாய்ப்பு உண்டு. குடலுக்குள் இருக்கும் காற்றும் இதே அளவில் விரிந்து வெளியே தள்ளும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால் விமானத்தில் ஏறக் கூப்பிடுவதற்குச் சற்று முன்பு கழிப்பறைக்குப் போய்ப் பையைக் காலி செய்துவிட வேண்டும்.

பையின் மேல்பக்கம் சின்ன வட்டமாக ஒன்று தெரியும். அதுதான் வடிகட்டி. உள்ளே இருப்பது செயலூட்டிய கரி (ஆக்டிவேட்டட் சார்கோல்). அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் கணக்கில்லாமல் இருக்கின்றன. ஒரு கிராம் கரியின் உட்பரப்பை விரித்துப் போட்டால் ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர் வரும். நாற்றத்துக்குக் காரணமான கந்தக வாயுக்கள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்ள, மற்ற காற்று வெளியேறிவிடும். நனைந்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். குளிக்கும்போது அதை மூடச் சின்ன ஸ்டிக்கர் தருவார்கள். குளித்து முடித்ததும் உரிக்க மறந்தால் காற்றுக்குப் போக வழி இருக்காது. அப்பச்சி ஒருமுறை மறந்துவிட்டுப் பை பந்தாக உப்பி நின்றதைப் பார்த்திருக்கிறேன். அதற்காக ஊசியால் குத்திவிடாதீர்கள், நாற்றமும் கசிவும்தான் மிஞ்சும்.

முதல் நாள் சாப்பாட்டில் எங்கள் வீட்டில் கொஞ்சம் தகராறு. வழியனுப்ப வந்தவர்களுக்காக ஆத்தா மொச்சை மண்டி வைத்திருந்தார். மொச்சையில் உள்ள சில சர்க்கரைகளை நம் சிறுகுடலால் செரிக்க முடியாது. பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் அவற்றைத் தின்று வாயுவாக்கும். சோடா குடித்தாலும் சூயிங்கம் மென்றாலும் இதே தொல்லைதான். அப்பச்சிக்கு மட்டும் ரசம் சாதம் போட்டோம்.

அடுத்த பயம் பாதுகாப்புச் சோதனை. திருச்சி விமான நிலையத்தில் மெட்டல் டிடெக்டர் எங்கள் வீட்டு வாசல் நிலை மாதிரி நிற்கிறது. அதில் உள்ள கம்பிச்சுருள்கள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. அது உலோகத்தில் பட்டால் அதற்குள் மின்சாரம் சுழலும். அந்தச் சுழற்சி உண்டாக்கும் எதிர்க் காந்தப்புலத்தைக் கண்டுபிடித்துத்தான் கருவி கத்துகிறது. பை பிளாஸ்டிக், அதற்குக் கத்த எதுவுமில்லை. ஆனால் கையால் தடவிச் சோதிக்கும்போது அது தட்டுப்படும். வெளிநாட்டு விமான நிலையங்கள் பலவற்றில் உள்ள உடல் ஸ்கேனர் வேறு வகை. மில்லிமீட்டர் ரேடியோ அலைகள் துணியைத் தாண்டிப்போய்த் தோலில் பட்டுத் திரும்பும். தோலுக்கும் துணிக்கும் நடுவே ஏதாவது இருந்தால், பொதுவான ஒரு பொம்மை உருவத்தில் அந்த இடத்தைக் கட்டமிட்டுக் காட்டும். பை மாட்டிக்கொள்வது அங்கேதான்.

அதனால் கை வைக்கும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. “வயித்துல ஆபரேஷன் பண்ணிப் பை போட்டிருக்கேன். தனியா வெச்சுப் பாருங்க தம்பி,” என்றார் அப்பச்சி. மறைவான இடத்தில் சோதிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை பயணிக்கு உண்டு. பையைக் கழற்ற வேண்டியதில்லை. சில நாடுகளில், உங்கள் கையாலேயே பையைத் துணிமேல் தடவச் சொல்லிவிட்டு, வெடிமருந்துத் துகள் இருக்கிறதா என்று உள்ளங்கையைத் துடைத்துப் பார்ப்பார்கள். டாக்டர் கடிதம் இருந்தால் விளக்குவது எளிது, சோதனை நடக்கத்தான் செய்யும்.

மாற்றுப் பைகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், தேவையைப்போல் இரண்டு மடங்கு. பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் என்ன செய்வது? கத்தரிக்கோலை உள்ளே விடாமல் போகலாம் என்பதால் தோலில் ஒட்டும் தட்டின் ஓட்டையை வீட்டிலேயே வெட்டிக்கொண்டோம்.

சிறுகுடலிலேயே ஸ்டோமா வைத்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெருங்குடலுக்குள் நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் அளவுக்குத் தண்ணீர் வருகிறது, அதில் பெரும்பகுதியை அது உறிஞ்சிக்கொள்கிறது. உங்களுக்கு அந்த உறிஞ்சல் இல்லை. விமானத்துக்குள் காற்று வேறு மிகவும் வறண்டது. வெறும் தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் போகிறது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைப் பொடியாகவே எடுத்துப்போய், சோதனை முடிந்தபின் உள்ளே தண்ணீர் வாங்கிக் கலக்கிக்கொள்ளுங்கள்.

நான்கு மணி நேரப் பயணம். நடைபாதை ஓர இருக்கை வாங்கியிருந்தோம். பாதி வழியில் தங்கைக்குக் கொண்டுபோன தேன்குழல் பொட்டலத்தை எடுத்தேன், தலையணையாக உப்பியிருந்தது. அப்பச்சி அதைப் பார்த்துவிட்டு வேட்டிமேல் கைவைத்துத் தடவினார். பை மெத்தென்றுதான் இருந்தது. சீட்பெல்ட்டை ஸ்டோமாவுக்குக் கீழே இறக்கிவிட்டுத் தூங்கப் போனார்.