“முன்னே நிறைய இருக்கும்” போதாது: மலை ஓடை மீன்களை எண்ணும் முறை

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் இருக்கின்றன. அங்கே ஒரு பாறையில் மீன் குறைந்துபோனாலும் மீண்டு வர வழி உண்டு. பெரும்பாலான பாறை மீன்களின் குஞ்சுகள் பொரிந்த பிறகு சில வாரங்கள் நீரோட்டத்தில் மிதந்து திரியும். ஒரு பாறையில் பிறந்தது இன்னொரு பாறையில் போய்க் குடியேறும். நீலகிரியிலும் பழனி மலையிலும் உள்ள ஓடைகளுக்கு அந்த வழி கிடையாது. சுமார் 297 மீட்டர் உயரத் தலையாறு அருவியைத் தாண்டி ஒரு கெண்டை மேலே ஏறிவிட முடியுமா? இரண்டு அருவிகளுக்கு நடுவே வாழும் கூட்டம் ஒருமுறை அழிந்தால் அதோடு முடிந்தது.

ஆனாலும் அதிகம் கணக்கெடுக்கப்படுவது கடல்தான். மலையில் ஓர் ஓடையைக் காட்டி, இங்கே என்ன மீன் இருந்தது என்று கேட்டால், “முன்னே நிறைய இருக்கும்” என்பார்கள். உண்மையாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த “நிறைய”வை வைத்து ஒரு தடுப்பணையை மாற்றிக் கட்டச் சொல்ல முடியாது, ஒரு கழிவுக் குழாயை அடைக்கச் சொல்லவும் முடியாது. எண் வேண்டும். அதை எடுக்கப் பெரிய கருவிகள் தேவையில்லை. பவளப்பாறைக் கணக்கெடுப்பில் பழகிய முறைகளையே கொஞ்சம் மாற்றினால் ஓடைக்கும் பொருந்தும்.

இங்கே காக்க வேண்டியவை எளிய உயிர்கள் அல்ல. நீலகிரியின் பெயரையே தாங்கிய நீலகிரி டேனியோவை 1867-இல் ஃபிரான்சிஸ் டே அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். விரல் நீளமே உள்ள அந்த மீன் இன்று அழியும் நிலையில் இருக்கிறது. வேகமான நீரில் பாறையோடு பாறையாக ஒட்டிக்கிடக்கும் தட்டை மீன் ஒன்றின் பேரினத்துக்கு, பவானி ஆற்றை வைத்துப் பவானியா என்று பெயர். மாயாறு போன்ற காவிரித் துணையாறுகளில் வாழும் திமில் மகசீர் என்ற மீனுக்கு அறிவியல் பெயர் உறுதியானதே 2018-இல்தான். உலகில் காவிரிப் படுகையைத் தவிர வேறெங்கும் அது இயற்கையாக இல்லை.

முதலில் இடம். 100 மீட்டர் நீளமுள்ள ஒரு துண்டைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஒரு கசம் (நீர் ஆழமாகத் தேங்கும் இடம்), கல்மேல் சலசலத்து ஓடும் மேட்டுப்பகுதி, அமைதியாக ஓடும் பகுதி மூன்றும் இருக்க வேண்டும். கசத்தை மட்டும் எண்ணினால் பாறையில் ஒட்டும் மீன்கள் கணக்கில் வராது. சோலைக்குள் ஜிபிஎஸ் காட்டும் இடம் பல மீட்டர் தள்ளிப்போகும். அதனால் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள பெரிய பாறையையோ மரத்தையோ படம் எடுத்து வையுங்கள். அடுத்த ஆண்டு வேறொருவர் வந்தாலும் அதே 100 மீட்டரில் நிற்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் இறங்குவதற்கு வனத்துறையின் எழுத்து அனுமதி கட்டாயம். முதுமலை, முக்கூர்த்தி, 2013-இல் சரணாலயமான கொடைக்கானல் காடுகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். காலை 9 மணிக்கு முன் இறங்கவே வேண்டாம். காட்டு மாடு ஓடைக்கரையில் நிற்கும் நேரம் அது.

பருவத்தைப் பொறுத்தவரை மலையின் எல்லாப் பக்கத்துக்கும் ஒரே கணக்கு இல்லை. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் பழனி மலைக்கும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. எல்லா ஓடையும் தெளிந்திருக்கும் காலம் ஜனவரி பாதியிலிருந்து மார்ச் வரை. ஆண்டுக்கு ஒருமுறைதான் முடியும் என்றால் அதில் எடுங்கள். பெருமழை பெய்து ஒரு வாரம் ஆகாத ஓடையில் எண்ண வேண்டாம். ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பாருங்கள். ஒன்றரை மீட்டர் ஆழத்தில் அது தெரியவில்லை என்றால் அன்று வீட்டுக்குத் திரும்புவதே நல்லது. கலங்கல் நீரில் எடுத்த எண், மீன் குறைந்ததைச் சொல்கிறதா கண் மங்கியதைச் சொல்கிறதா என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

உலகம் முழுக்கப் பவளப்பாறைகளில் பின்பற்றப்படும் ரீஃப் செக் முறையில் 20 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் கொண்ட நான்கு பட்டைகளை எண்ணுவார்கள். பட்டைகளுக்கு நடுவே 5 மீட்டர் இடைவெளி விடுவார்கள். நாடாவை விரித்ததும் எண்ணத் தொடங்கிவிட மாட்டார்கள், 15 நிமிடம் ஒதுங்கிக் காத்திருப்பார்கள். ஓடையில் நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தக் காத்திருப்பைத்தான். நம் நிழல் விழுந்ததுமே டேனியோக் கூட்டம் பாறைக்கடியில் போய்விடும். அவசரப்பட்டு எண்ணுபவர் அதைக் கணக்கில் விட்டுவிடுவார்.

காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் நடுவில், கீழிருந்து மேலாக, அதாவது நீரோட்டத்தை எதிர்த்து நடங்கள். மீன்கள் ஓட்டத்தை எதிர்நோக்கி நிற்பதால் பின்னால் வருபவரைத் தாமதமாகத்தான் பார்க்கும். நாம் கிளப்பும் சேறும் நமக்குப் பின்னால் போய்விடும். ஒருவர் எண்ண, இன்னொருவர் எழுதட்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த வெள்ளை பிளாஸ்டிக் அட்டையில் பென்சில் நனைந்தாலும் எழுதும். துருவமாக்கிய (போலராய்டு) கறுப்புக் கண்ணாடி அணிந்தால் நீர்ப்பரப்பின் பளபளப்பு மறையும்.

அளவையும் எழுதுங்கள்: 3 செ.மீ.க்குக் கீழ், 3 முதல் 8 வரை, 8-க்கு மேல். எண்ணிக்கையைவிட இதுவே அதிகம் சொல்லும். பெரியவை மட்டும் இருந்து குஞ்சே இல்லாத கசம் வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அங்கே இனப்பெருக்கம் நின்றிருக்கக்கூடும். முகமூடி போட்டு நீருக்குள் பார்ப்பவருக்குப் பொருள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும்: 6 செ.மீ. மீன் 8 செ.மீ. போலிருக்கும். 3, 6, 8 செ.மீ. குச்சிகளை வெட்டி நீருக்குள் போட்டு அரை மணி நேரம் கண்ணைப் பழக்குங்கள். ஆழமான கசத்தில் சிறிய நீர்புகாக் கேமராவை 30 நிமிடம் வைத்து, முதல் 5 நிமிடத்தை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு இனத்துக்கும், ஒரே சட்டகத்தில் தெரியும் அதிகபட்ச எண்ணிக்கையை மட்டும் எடுங்கள். வந்து போனதையெல்லாம் கூட்டினால் ஒரே மீனைப் பத்து முறை எண்ணியிருப்போம். ஒன்றும் காணவில்லை என்றால் 0 என்று எழுதுங்கள். காலியாக விட்ட கட்டம், பார்க்காத கட்டமாகிவிடும்.

பெயரை அங்கே வாழ்பவர்களிடம் கேட்டு எழுதுங்கள். ஆற்றோரத்து இருளரும் குறும்பரும் சொல்லும் பெயரோடு ஒரு தெளிவான படமும் இருந்தால், அறிவியல் பெயரைப் பிறகு பொருத்திக்கொள்ளலாம்.

நீரின் உயிர்வளி (ஆக்ஸிஜன்) அளவில் மலைக்காரர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு. 20 டிகிரி வெப்பத்தில் கடல் மட்டத்து நீர் லிட்டருக்குச் சுமார் 9.1 மி.கி. உயிர்வளியைத் தாங்கும். 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு, அதே வெப்பத்தில் 7 மி.கி.யோடு முழுமையாகிவிடும். சமவெளிக் கணக்கைப் பார்த்துவிட்டு, 7 தான் இருக்கிறது, ஓடை கெட்டுவிட்டது என்று புகார் எழுதுவது தவறு. அளவியில் உயரத்தைப் பதித்து, அந்த உயரத்தில் நீர் தாங்கும் முழு அளவில் எத்தனை விழுக்காடு இருக்கிறது என்று படியுங்கள். விடியும் நேரத்தில்தான் உயிர்வளி மிகக் குறைவாக இருக்கும். நண்பகலில் மட்டும் அளப்பவருக்கு அது தெரியவே தெரியாது. விடியற்கால அளவை ஊருக்குள் ஓடும் பகுதியில் எடுத்துக்கொள்ளலாம்.

கல்லையும் பாருங்கள். சலசலப்பில் கண்ணை மூடி 25 கற்களைத் தொட்டு எடுங்கள். எத்தனை கல் பாதிக்கு மேல் வண்டலில் புதைந்திருக்கிறது? பவளத்தை மூச்சுமுட்ட வைக்கும் வண்டல்தான் இங்கே கல்லிடுக்கில் இட்ட முட்டையையும் மூடுகிறது. சரிவில் மேலிருந்து கீழாகப் பாத்தி போட்ட தோட்டமும், கேரட் கழுவிய நீரை நேரே ஓடையில் விடுவதும் இதற்குப் பெரிய காரணங்கள். கழுவும் நீரை அடுத்தடுத்த மூன்று தொட்டிகளில் தங்க வைத்து விட்டாலே மணல் முழுக்க நின்றுவிடும். களிமண் மட்டும்தான் தாண்டிப்போகும்.

பிளீச்சிங் பவுடர் போட்டு மீன் பிடிப்பதைப் பற்றிக் கோபமில்லாமல் எழுத முடியவில்லை. புதிய பவுடரில் ஏறக்குறைய 30 விழுக்காடு குளோரின். 1 கிலோ போட்டால் 10 லட்சம் லிட்டர் நீரில் லிட்டருக்கு 0.3 மி.கி. வரும். நொடிக்கு 50 லிட்டர் ஓடும் ஓடை ஐந்தரை மணி நேரம் கொண்டுபோகும் நீர் அது. நமக்குக் குடிநீரில் 0.2 மி.கி. பாதுகாப்பு. அந்த அளவே மீனின் செவுளை எரிக்கும். பிடிப்பவர் எடுத்துப்போவது நாலு மீன், சாவது அதற்குக் கீழே உள்ள எல்லாக் குஞ்சும் பூச்சியும் நண்டும். கெட்ட எண்ணம் இல்லாமலும் இது நடக்கிறது. குடிநீர்த் தொட்டி கழுவிய நீரை ஓடையில் திறந்துவிடுகிறார்கள். 10,000 லிட்டர் தொட்டியில் 50 மி.கி. அளவில் குளோரின் இருந்தால் மொத்தம் 500 கிராம். ஒரு கிராம் குளோரினுக்கு 7 கிராம் வீதம், அதை முறிக்கும் சோடியம் தயோசல்பேட்டை 3.5 கிலோ கரைத்துக் கலக்கி, குளோரின் சோதனைப் பெட்டியில் நிறம் வரவில்லை என்று பார்த்த பிறகு திறக்கலாம்.

சாலைக்கடியில் போகும் குழாயின் வாய், நீர்மட்டத்துக்கு மேலே ஒரு சாண் தூக்கி நின்றாலும் சின்ன மீனுக்கு அது அருவிதான். வாயின் கீழே பெரிய கற்களை வரிசையாக அடுக்கி நீர்மட்டத்தை உயர்த்தினால் வழி திறக்கும். புதிதாகப் போடும் குழாயின் அடியில் ஐந்தில் ஒரு பங்கு ஓடைத்தரைக்குள் புதைந்திருக்கட்டும்.

மீனை ஓர் ஓடையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றாதீர்கள், உள்ளூர் மீனாக இருந்தாலும். பந்தலூர் ஓடைகள் சாலியாறு வழியாக அரபிக்கடலுக்குப் போகின்றன, குன்னூர் ஓடை பவானிக்குப் போகிறது. பழனி மலையின் வடசரிவு நீர் அமராவதிக்கும் தென்சரிவு நீர் வைகைக்கும் இறங்குகிறது. நெடுங்காலம் பிரிந்தே வாழ்ந்த கூட்டங்கள் அவை. 1939-இல் இலங்கையிலிருந்து வந்து ஊட்டியில் விடப்பட்ட கண்ணாடிக் கெண்டை (மிரர் கார்ப்) இன்று எங்கெல்லாம் சேற்றைக் கிளறுகிறது என்று பாருங்கள். வீட்டுத் தொட்டியின் கப்பி மீனும் வழிந்தோடும் குட்டையில் விட்டால் ஓடைக்கு வந்துவிடும்.

எடுத்த கணக்கில் ஒரு படியை ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடம் கொடுத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். 2002-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடம் தருகிறது.

மீன் செத்து மிதந்தால் முதல் வேலை மணியைக் குறிப்பது. விடியலில் பெரிய மீன்கள் முதலில் செத்திருந்தால் உயிர்வளிக் குறைவைச் சந்தேகியுங்கள். நண்டும் இறாலும் பூச்சிகளும் முதலில் செத்திருந்தால் பூச்சிமருந்தை. ஓட்டத்தில் விஷம் விரைவாகக் கடந்துவிடும். அதனால் சுத்தமான 1 லிட்டர் கண்ணாடிப் பாட்டில்களில் நிகழ்ந்த இடத்திலும், அதற்கு மேலேயும், கீழேயும் நீரை நிரப்புங்கள். காற்று நிற்காமல் மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து, இடமும் நேரமும் ஒட்டி, அன்றே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கொடுத்து எழுத்தில் ரசீது வாங்குங்கள். மேல்பக்கத்துப் பாட்டிலை மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் நஞ்சு எங்கே கலந்தது என்று காட்ட வழியிருக்காது.